ஒரு தலை கூடுதல்

புதுவாயல் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் எல்லா பஸ்ஸும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாடியிலிருந்து பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். சத்யா மூன்று மாதமாக வீட்டு மாடியிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கில் அவளுக்கு வேலை. எந்த லோரி எந்த வரிசையில் நிற்கணும், எது முதலில் கிளம்பணும் என்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து சொல்பவள். கணவன் ஹேமநாத்துக்கு ரப்பர் கையுறை செய்யும் ஆலையில் உத்தியோகம். அந்த ஆலை கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கிளை திறந்து, இயந்திரங்களை ஓடவைக்க அவனை ஆறு மாதத்துக்கு அனுப்பியது. அவளும் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். “தமிழ் பேசுற ஊருதானே லா, உனக்கென்ன கவலை” என்று சொல்லித்தான் எல்லோரும் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

தமிழ் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. வெளிநாட்டுக் குடும்பங்கள் வெளியே போவதானால் கம்பெனி காரில்தான் போகணும். கார் வேண்டுமென்றால் ஆபீசில் சந்திரமோகன் என்பவரிடம் முதல் நாளே சொல்லணும். அவர் டிரைவர் மணவாளனுக்குச் சொல்வார். மணவாளன் வந்து கதவைத் திறப்பார், ஏறினதும் சாத்துவார். போய் இறங்கின இடத்திலும் அவரே திறப்பார். இப்படியே சத்யா பெரியபாளையம் கோயிலைப் பார்த்தாள், சென்னையில் இரண்டு மால்களைப் பார்த்தாள். கார் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்ததெல்லாம் டிவியில் பார்த்ததோடு சேர்ந்துகொண்டது. நடந்து போய் ஒரு கிலோ வெங்காயம் வாங்கியதுகூட இல்லை.

கால் பரபரத்தது. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். ராத்திரி ஹேமநாத் வந்ததும் அவனிடம் சண்டை போட காரணம் தேடினாள், அவன் கொடுக்கவில்லை.

போன வாரம் அவன் சொன்னான்: “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க சத்யா. திங்கட்கிழமை பதில் சொல்லணும்.”

“நீ என்ன நினைக்கிற?”

“நீ சொல்றதுதான். உனக்குப் பிடிக்கலைன்னா திரும்பிடுவோம். நீ இங்க பயந்துக்கிட்டு இருக்கிறதா தெரிஞ்சா நான் கையெழுத்தே போட மாட்டேன்.”

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் இருந்த பாரத்தையெல்லாம் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். இருக்கலாம் என்றால் கிள்ளானில் அவள் வேலை போய்விடும். வேண்டாம் என்றால் அவன் திருகாணி திருகாணியாகப் பூட்டிய இயந்திரத்தை வேறொருவன் ஓட்டுவான். எதை வைத்து முடிவு செய்வது? மாடியிலிருந்து பார்த்த ஊரை வைத்தா?

அதனால் அவள் தனக்குள் ஒரு பந்தயம் கட்டினாள். போனில் வரைபடத்தை விரித்தால், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கைக்கெட்டும் தூரத்தில் நீலம் தெரிந்தது. கடல். கிள்ளானில் பிறந்தவளுக்கு மூன்று மாதம் கடல் காற்று இல்லாமல் போனதே பெரிய விஷயம். காரில்லாமல், மணவாளன் இல்லாமல், தானே போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் தானே வீடு திரும்ப முடிந்தால், இந்த ஊரில் இருக்கலாம். முடியாவிட்டால் மூட்டை கட்டலாம். ஹேமநாத்திடம் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் பஸ்களைப் படிக்க ஆரம்பித்தாள். லோரிகளைப் படித்தவளுக்கு இதென்ன பெரிய வித்தை? நெடுஞ்சாலையில் பறந்து போகிறவை தொலைதூர பஸ்கள். அவை ஆந்திராவுக்குப் போகும், கைகாட்டினாலும் நிற்காது. முகத்தில் ரோஸ் வண்ணம் பூசியவை டவுன் பஸ்கள், அவை நின்று நின்று போகும். மூன்றாவது ஒரு வகை உண்டு. வெள்ளை பஸ். காலையில் வரிசையாக வரும், கூட்டு ரோட்டில் ஒரு நிமிஷம்கூட முழுசாக நிற்காது, காத்திருக்கும் பெண்களை அள்ளிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பக்கம் போகும். இருப்பதிலேயே ஒழுங்காக ஓடுவது அதுதான் என்று சத்யாவுக்குப் பட்டது.

கீழ் வீட்டுக்கார அம்மா ஜோதிலட்சுமியிடம் ஒரு நாள் கேட்டாள்: “அக்கா, பஸ்ஸுல டிக்கெட் எப்படி எடுக்கணும்? கார்டா, காசா?”

“பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்குமா டிக்கெட்டு? ஃப்ரீதான். ஏறு, குந்து, எறங்கு. அவ்ளோதான்” என்றாள் ஜோதிலட்சுமி, முருங்கைக்கீரையை உருவியபடியே. “உனக்குதான் கார் கீதே. பஸ்ஸுல போயி இன்னாத்துக்கு பேஜாரு?”

வியாழக்கிழமை விடியும்போதே ஹேமநாத் கிளம்பிவிட்டான். அன்று புது இயந்திரத்துக்கு வெள்ளோட்டம். சத்யா ஒரு பையில் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், குடை எல்லாம் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கூட்டு ரோட்டில் பெண்களோடு பெண்ணாக நின்றாள். வெள்ளை பஸ் வந்தது. ஏறினாள், குந்தினாள்.

யாரும் காசு கேட்கவில்லை. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா சொன்னது சரிதான் என்று அவளுக்கு ஒரே குஷி.

பக்கத்து இருக்கைப் பெண் சீட்டில் தலை சாய்த்திருந்தாள், கழுத்தில் நாடாவோடு ஒரு அட்டை. ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டாள்: “புச்சா?”

“ஆமாம். மூணு மாசம்தான் ஆகுது.”

“மூணு மாசமாவா? நான் உன்ன பாத்ததே இல்லியே. பசிச்சா சொல்லு, டிபன் பாக்ஸ்ல இட்லி கீது. உள்ள போயி நாஷ்டாவுக்கு நிக்கறதுக்குள்ள மணி ஆயிடும்.”

“நான் பசியாறிட்டுதான் வந்தேன்” என்றாள் சத்யா.

அந்தப் பெண் இரண்டு கண்ணையும் திறந்தாள். பேச்சு எங்கேயோ வேறு மாதிரி இருந்தது. ஆனால் தூக்கம் பெரிசு, மறுபடி சாய்ந்துவிட்டாள்.

இந்த வெள்ளை பஸ் விவகாரத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ஆள் வந்து சேராவிட்டால் இயந்திரம் நிற்கும், அதனால் ஆலையே பஸ் பிடித்து ஆள் கூட்டி வருகிறது. காலை ஷிப்டுக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குகிற பஸ், அதே சூட்டில் ராத்திரி ஷிப்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். காலியாக ஓடினால் டீசல் நட்டம். வாசலில் தலையை எண்ணுவார்கள், ஏனென்றால் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கேன்டீனில் சோறு வடிப்பார்கள். ஆக, பஸ், கேட், சோற்றுப் பானை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. மாடியிலிருந்து பார்த்த சத்யாவுக்குக் கயிற்றின் ஒரு முனை மட்டும்தான் தெரிந்தது.

பஸ் கும்மிடிப்பூண்டி ஊருக்குள் போகவில்லை. நெடுஞ்சாலையை விட்டு விலகி, சுவர்களுக்கு நடுவே திரும்பித் திரும்பிப் போனது. ஒரு பெரிய இரும்புக் கதவு நகர்ந்தது, பஸ் உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொண்டது. எல்லோரும் இறங்கினார்கள். சத்யாவும் இறங்கினாள், பஸ் ஸ்டாண்டைத் தேடினாள்.

வாசலில் செக்யூரிட்டி மோசஸ் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், மீசை நரைத்த மனிதர். எண்ணி முடித்ததும் முகம் சுருங்கியது. மறுபடி எண்ணினார்.

“ஒரு தலை கூடுதலா கீதே! எவ எவ கார்டு மாட்டல?”

எல்லோரும் கழுத்தைத் தொட்டுக்கொண்டார்கள். சத்யாவின் கழுத்தில் தாலிக்கொடி மட்டும்தான்.

“யாரும்மா நீ?”

“நான்… சும்மா பஸ்ஸுல வந்தேன் சார். கடலுக்குப் போகணும்.”

பஸ்ஸில் இட்லி தருவதாகச் சொன்ன பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். வரிசையே சிரித்தது.

“கடலுக்கா? மோசஸ் அண்ணே, உள்ள தண்ணித் தொட்டி கீதே, அதக் காட்டு!” என்றாள் இட்லிக்காரப் பெண்.

“வாய மூடு சுமலதா” என்றார் மோசஸ். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “இது கார் ஒயர் கம்பெனிமா. இது ஸ்டாஃப் பஸ். உன்ன யாரு ஏத்துனது?”

“பொம்பளைங்களுக்கு ஃப்ரீன்னு சொன்னாங்க.”

இப்போது மோசஸுக்கும் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சத்யாவுக்குக் காது மடல் எரிந்தது. துறைமுகத்தில் தப்பான வரிசையில் நுழைந்த லோரிகளை அவள் எத்தனை முறை மைக்கில் திட்டியிருப்பாள்! ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மோசஸ் போனை எடுத்துவிட்டார்.

“உன் ஊட்டுக்காரர் எங்க வேலை செய்யறாரு? சொல்லு, நான் பேசறேன்.”

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மோசஸ் ஆலைக்குப் பேசுவார், அங்கே சந்திரமோகன் எடுப்பார், கார் வரும், மணவாளன் கதவைத் திறப்பார். ஹேமநாத் ஒன்றும் சொல்ல மாட்டான். ராத்திரி வந்து, ‘போதும் சத்யா, போயிடலாம்’ என்பான். திங்கட்கிழமை வரை போகவே வேண்டாம், இந்தப் போனிலேயே பதில் முடிந்துவிடும்.

“சார், போன் வேண்டாம். என்னை வெளியே விட்டா நடந்தே போயிடுவேன்.”

“தோ பாரும்மா. உள்ள வந்த தலை எதுவோ அது வெளிய போனதா என் கணக்குல வரணும். ஆனா கேட்டாண்ட உன்னத் தனியா விட்டா, லாரி ரோட்டுல நீ எங்க போவ?” மோசஸ் சுற்றிப் பார்த்தார். ராத்திரி ஷிப்டு முடித்த பெண்கள் கண் சிவந்து, தலை கலைந்து, பஸ்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். “நீ வந்த பஸ்ஸே புதுவாயல் திரும்புது. ஏறிக்கோ. நாஷ்டா நேரத்துக்கு ஊட்ல இருப்ப.”

“அந்த இன்னொரு பஸ்?”

“அது கெழக்கால. சுண்ணாம்புக்குளம் பக்கம்.”

கிழக்கு. வரைபடத்தில் நீலம் இருந்த பக்கம். சத்யா இரண்டு பஸ்ஸையும் பார்த்தாள். இரண்டும் ஒரே வெள்ளை.

“நான் அதுல போறேன் சார்.”

“இன்னா மேடம், வெளாட்றியா?”

“இட்டுனு போவட்டும் அண்ணே” என்றாள் சுமலதா. “எங்க தமிழு அந்த பஸ்ஸுலதான் போவுது. ஏய் தமிழு! இந்தம்மாவ கடலாண்ட வுட்டுடு!”

தமிழ்செல்வி என்ற அந்தப் பெண் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவள். சத்யாவை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க ஊட்டாண்ட கடல் ஏதுடி? உப்புத்தண்ணி ஏரிதான் கீது. சரி, வா. எனக்குத் தூக்கம் வருது, வழியில பேசாத.”

பஸ்ஸில் ஏறினதும் பேசியதென்னவோ தமிழ்செல்விதான். எந்த நாடு, அங்கே என்ன சாப்பாடு, மாமியார் உண்டா, ஏன் இன்னும் குழந்தை இல்லை, எல்லாம் கேட்டாள். கடைசிக் கேள்விக்குச் சத்யா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சுவர்கள் முடிந்து நெல்வயல் வந்தது, வயல் முடிந்து இறால் குட்டைகள். காற்றில் உப்பு ஏறியது. அவள் ஜன்னலை முழுசாகத் திறந்தாள்.

“மூடு, மூடு! சளி புடிக்கும்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் மூடவில்லை.

குப்பத்தில் இறங்கி, வலை காய்கிற சந்து வழியாக நடந்தார்கள். வீடுகள் முடிந்த இடத்தில் தண்ணீர் தொடங்கியது. அலை இல்லை, தட்டையான தண்ணீர், வானம்வரை. நடுவில் வெகுதூரத்தில் ஒரு ஆள், படகில்லாமல் நின்றுகொண்டிருந்தார். இடுப்புவரைதான் தண்ணீர்.

“அங்கே எப்படி நிக்கிறாரு?”

“நடந்து போயிதான். பூரா ஏரியும் ஆழம் இல்ல. வாய்க்கால் மாரி ஒரு பக்கம்தான் படகு போவும்.”

“கடல்?”

தமிழ்செல்வி மோவாயால் காட்டினாள். தண்ணீரின் அந்தக் கோடியில், பென்சிலால் கிழித்தாற்போல் ஒரு கோடு. “அது மணல் திட்டு. அதுக்கு அந்தாண்ட கடலு. எங்க அண்ணனக் கேப்போம், படகு கீது.”

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரு படகுதான்.

அண்ணன் பார்த்திபன் படகில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிராமலே தங்கை சொன்னதைக் கேட்டான். “இன்னிக்கு ஆவாதுமா. இன்னிக்கு என் பாடு.”

“பாடுன்னா?”

“முறை. ஆழமா ஓடற வாய்க்கால் ஒண்ணுதான். தண்ணி கடலப் பாத்து வடியறப்போ எறால் அந்த வழியாதான் வரும். ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல அங்க வலை கட்டுனா மண்டதான் ஒடையும். அதான் சீட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு நாள். இன்னிக்கு வுட்டா, ஊர் பூரா சுத்திகினு வந்துதான் எனக்கு மறுபடி. தண்ணி திரும்பற நேரம் வேற.”

“வாய்க்கால் ஒரே வரிசை. நிக்க வேண்டிய படகு நிறைய” என்றாள் சத்யா தனக்குள் சொல்வதுபோல. “நாங்க லோரிக்குப் பண்றதும் இதுதான். முறையை விட்டவன் கடைசிக்குப் போகணும். உங்க முறையை வேற யாருக்காவது மாத்திக் கொடுக்கலாமா?”

“குடுக்கலாம். ஆனா கடல் பாக்கற மேடத்துக்காகக் குடுக்க முடியாது” என்றான் பார்த்திபன், முதல் முறையாக நிமிர்ந்து. தமிழ்செல்வி பக்கென்று சிரித்தாள். “நாயித்துக்கெழம வா. சும்மாதான் கெடப்பேன். ஊட்டுக்காரரையும் இட்டுனு வா, தள்றதுக்கு ஆள் வேணும்.”

படகு போய்விட்டது. சத்யா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். நடந்தாள். முழங்கால், அதற்குமேல் ஏறவில்லை. இன்னும் நடந்தாள். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. கோடு கிட்டே வரவே இல்லை.

“ஏய்! மெய்யாலுமே நடந்து போவப் பாக்கறியா?” என்று கரையிலிருந்து தமிழ்செல்வி கூவினாள். “திரும்பு! எனக்குத் தூக்கம் வருது!”

அப்போதுதான் போன் அடித்தது. ஹேமநாத்.

“எங்க இருக்க? மணவாளன் ஒரு பேப்பர் எடுக்க வீட்டுக்கு வந்திருக்காரு. பூட்டி இருக்காம். கீழ அக்கா அழறாங்க. சத்யா, எங்க இருக்க?”

“தண்ணிக்குள்ள.”

“என்னது?”

அவள் சொன்னாள். வெள்ளை பஸ், மோசஸ், ஒரு தலை கூடுதல், எல்லாவற்றையும். அவன் பக்கத்தில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பந்தயத்தையும் சொன்னாள்.

“அங்கேயே இரு. சந்திரமோகன்கிட்ட சொல்லி வண்டி அனுப்பறேன்.”

“வேண்டாம். வண்டி வந்தா நான் தோத்துப்போவேன். பஸ் இருக்கு. பயப்படாதே, ஹேம். நான் பயப்படல.”

“கேட்டுல பயப்படல?”

“கேட்டுல பயந்தேன்” என்றாள். அவனிடம் பொய் சொல்ல வரவில்லை. “இப்ப இல்ல.”

“பஸ் ஏறினதும் கூப்பிடு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

தமிழ்செல்வி ரோட்டோர வேப்பமரத்தடியில் அவளை நிறுத்திவிட்டு, “ரோஸ் மூஞ்சி வரும். அதுல மட்டும் ஏறு. வெள்ள வந்தா ஏறிடாத, தாயே” என்று கும்பிடு போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். வெயில் ஏறியது. ரோஸ் முகம் வந்தது. ஏறி உட்கார்ந்தாள், குடையை மடித்து வைத்தாள். கண்டக்டர் நேரே அவளிடம் வந்து நின்றார்.

“எங்க?”

“பொம்பளைங்களுக்கு ஃப்ரீ இல்லையா?”

“ஃப்ரீக்கும் டிக்கெட் கீதும்மா. எத்தினி பேர் ஏறுனாங்கன்னு நான் கணக்கு காட்ட வாணாவா?” சீட்டைக் கிழித்து அவள் கையில் திணித்தார். சத்யாவுக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் தலைக்கணக்குதான். காலையில் யாரும் சீட்டு கொடுக்காதபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் பஸ் மாறினாள். இந்த முறை ஏறுமுன் கண்டக்டர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். புதுவாயலில் இறங்கி, ஒரு கிலோ வெங்காயம் வாங்கினாள், நடந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஜோதிலட்சுமி மூக்கைச் சிந்தியபடி, “நான் ஏறு, குந்துன்னேன். எந்த பஸ்ஸுன்னு கேட்டியா நீ?” என்று பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஹேமநாத் வந்தான். ஷூவைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பாவாடை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது.

“கடலைப் பார்த்தியா?”

“இல்ல.”

“அப்ப பந்தயம்?”

“வீட்டுக்கு நானே வந்துட்டேன். பாதி ஜெயிச்சேன்.” அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். “மீதிக்கு ஞாயித்துக்கிழமை போறேன். நீயும் வரணும், படகு தள்ள ஆள் கேட்டிருக்காங்க. பஸ்ஸுலதான் போகணும்.”

“ஞாயித்துக்கிழமை சரி. திங்கட்கிழமைக்கு என்ன சொல்ல?”

அவள் கத்தி நின்றது. கிள்ளானின் கண்ணாடி அறையும், மைக்கும், வரிசை வரிசையாக லோரி விளக்குகளும் ஒரு தரம் கண்ணுக்குள் வந்துபோயின. அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். வலித்தது. அந்த வலியை வைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

“இருக்கலாம்னு சொல்லு. ஆனா சந்திரமோகன்கிட்ட ஒண்ணு எழுதிக் கொடு. நான் கார் இல்லாமத்தான் போவேன், அதுக்கு நான்தான் பொறுப்புன்னு. அது முடியாதுன்னா கையெழுத்து வேண்டாம், ரெண்டு பேரும் கிளம்பலாம்.”

“மணவாளன் என்ன நினைப்பாரு?”

“அவருக்குக் கதவு திறக்கிற வேலை குறையும்.”

ஹேமநாத் ஒரு வழியாக ஷூவைக் கழற்றினான்.

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ் எப்போது வரும் என்று கேட்டுவைக்க, சத்யா கூட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனாள். மாடியிலிருந்து பார்த்துக் கணக்குப் போடுவதை விட்டாயிற்று. டீக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெள்ளை பஸ் வந்து நின்றது. ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது, டிபன் பாக்ஸோடு.

“இன்னா மேடம், இன்னிக்கு டூட்டிக்கு வர்லியா? மோசஸ் அண்ணன் உன்னத் தேடிகினு கீறாரு!”

பஸ் முழுக்கச் சிரிப்பு. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சத்யாவும் சிரித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட்டு நீயும் வா! படகுல இடம் இருக்கு!” என்று கத்தினாள்.

“ஓவர்டைம் கீது!” என்ற குரல் மட்டும் வந்தது. பஸ் நகர்ந்துவிட்டது. அது ஒரு நிமிஷம்கூட முழுசாக நிற்காது.